சத்தம் வேறு, ஆளுமை வேறு



"அவரு பலமான ஆளு" என்று நாம் சிலரைச் சொல்வதுண்டு. யாரை அப்படிச் சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பீலிக்கரையில் அவர் சத்தம் போட்டால் அடுத்த லயத்துக்குக் கேட்கும். சண்டை என்றால் முதல் ஆளாக இறங்குவார். எதிர்த்துப் பேசினவரை இலேசில் விடமாட்டார். வீட்டுக்குள் அவர் கால் வைத்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். இப்படிப்பட்டவரைத்தான் நாம் பலமான ஆள் என்கிறோம். தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பவரை, "அது ஒரு வாயில்லாப் பூச்சி" என்று தள்ளிவிடுகிறோம்.

ஆண்டுக்கணக்கில் லயம் லயமாகப் போய் வந்ததில் எங்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தாலும், கடன்காரர் வாசலில் வந்து நின்றாலும், மண்சரிவில் காம்பரா போய்விட்டாலும், முதலில் உடைந்துபோகிறவர் பல நேரம் அந்தச் சத்தக்காரராகத்தான் இருக்கிறார். வாயில்லாப் பூச்சி என்று நாம் நினைத்தவர் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறார். அப்படியானால் பலம் எங்கே இருக்கிறது? இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.

ஆளுமை என்றால் என்ன?

ஆளுமை என்ற சொல் 'ஆள்தல்' என்பதிலிருந்து வந்தது. நாட்டை ஆள்வது ராஜா வேலை. தன்னைத் தானே ஆள்வது நம் ஒவ்வொருவரின் வேலை. கோபம் வரும்போது கையை ஆளத் தெரிய வேண்டும். ஆசை வரும்போது பையை ஆளத் தெரிய வேண்டும். பயம் வரும்போது நாக்கை ஆளத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் யாருடைய பிடியில் இருக்கிறதோ, அவரே பலமான ஆளுமை உள்ளவர்.

"அதெல்லாம் பிறவிக் குணம் சேர், நம்ம கையில இல்ல" என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. இரட்டைப் பிள்ளைகளை வைத்துப் பல நாடுகளில் ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். மனிதர்களுக்கிடையே குணத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிதான் பிறப்போடு வருகிறது, மீதி வாழ்க்கையில் உண்டாகிறது என்பது அவற்றின் முடிவு. ஒரு பிள்ளை கூச்சமாகப் பிறக்கலாம், இன்னொன்று துடுக்காகப் பிறக்கலாம். இரண்டுமே பலமான ஆளாக வளர முடியும்.

தேயிலையைப் பாருங்கள். விட்டுவிட்டால் அது காட்டு மரமாக உயர்ந்து போய்விடும். காலாகாலத்தில் கவ்வாத்து வெட்டி, மட்டம் பார்த்து வளர்த்தால் கை எட்டும் உயரத்தில் கொழுந்து தரும். குணமும் அப்படித்தான்.

ஒருவருடைய ஆளுமையைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களில் அவரைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். தன்னைவிட மேலே இருப்பவர் முன்னால் எப்படி நிற்கிறார்? தனக்குச் சமமானவர் மத்தியில் எப்படி நடக்கிறார்? தன்னைவிட எளியவரிடம் எப்படி இருக்கிறார்? மூன்று இடத்திலும் ஒரே ஆளாக இருப்பவர் பலமானவர்.

மேலே இருப்பவர் முன்னால்

கொழுந்து நிறுக்கிற இடத்தை எடுத்துக்கொள்வோம். தராசில் 9 கிலோ காட்டியது. துண்டில் 7 கிலோ விழுந்திருக்கிறது. ஈரம் என்றும், சாக்கு என்றும், முற்றல் இலை என்றும் கழிவு போட்டிருக்கலாம். நாளைக்குரிய நிறை குறைந்தால் அரைப்பேராகப் போய்விடுமோ என்ற பயம் வேறு. இந்த இடத்தில் மூன்று விதமான பேச்சைக் கேட்கலாம்.

முதலாவது, அடங்கிப்போகும் பேச்சு. ஒருவர் ஒன்றும் சொல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இரவு ஸ்தோப்பில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அழுவார். கேட்க வேண்டியவர் காதில் அது விழுவதே இல்லை.

இரண்டாவது, பாய்ந்து விழும் பேச்சு. "கொழுந்து திருடுறியா? ஒன் தராச ஒடைச்சிருவேன்!" பார்க்கிறவர்களுக்கு வீரமாகத் தெரியும். ஆனால் மறுநாள் ஆபிசில் விசாரணை எதைப் பற்றி நடக்கும்? அந்த 2 கிலோவைப் பற்றி நடக்காது, அவர் பேசிய பேச்சைப் பற்றித்தான் நடக்கும். நியாயம் அவர் பக்கம் இருந்தும், கோபம் அதைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது, நிமிர்ந்த பேச்சு. "ஐயா, தராசுல 9 காட்டிச்சு. துண்டுல 7ன்னு இருக்கு. 2 கிலோ எதுக்குக் கழிச்சீங்கன்னு சொல்லுங்க." இவ்வளவுதான். குரல் உயரவில்லை, தலை குனியவில்லை. பதில் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் ஒரு சின்னக் கொப்பியில் தேதி, நிறை, கழிவு மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு, தோட்டத் தலைவரிடம் அல்லது மாதர் சங்கத்தில் சொல்வார். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம்.

அன்றைக்கே அந்த 2 கிலோ திரும்பி வந்துவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பல நேரம் வராது. ஆனால் மாதக் கடைசியில் நாலு பேருடைய கொப்பி மேசைக்கு வந்தால், தலைவருக்கும் பேசுவதற்குக் கையில் ஒன்று இருக்கும். "எல்லாருக்கும் கழிக்கிறாங்க" என்று பொதுவாகச் சொல்வதைவிட, தேதியோடு சொல்வதற்குப் பலம் அதிகம்.

இந்த நிமிர்ந்த பேச்சு ஒரு நாளில் வராது. முதல் தடவை கை நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். பயம் இல்லாதவர்தான் பலமானவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம் இருக்கும்போதே கேட்க வேண்டியதைக் கேட்டு முடிப்பதுதான் பலம்.

சமமானவர் மத்தியில்

மேலே இருப்பவரை எதிர்ப்பதைவிடக் கஷ்டமானது, கூடப் பழகுகிறவருக்கு "முடியாது" என்று சொல்வது. துரையிடம் துணிந்து பேசுகிற ஆள்கூட, கூட்டாளி தோளில் கைபோட்டால் இளகிப்போவார்.

குழுக் கடன் என்ற பெயரில் எத்தனையோ குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். பக்கத்துக் காம்பரா அக்கா வந்து நிற்பார். "நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும் தங்கச்சி, கட்டுறது நான்தானே." நல்லவர்தான், ஏமாற்றுகிற எண்ணம் இல்லாதவர்தான். ஆனால் பிணைக் கையெழுத்து என்றால், அவர் கட்டாவிட்டால் நாம் கட்டுகிறோம் என்று ஒத்துக்கொள்வது. அவருக்கு ஒரு மாதம் நோய் வந்தால் போதும், கடன்காரர் நம் வாசலில் நிற்பார். பிறகு நம்முடைய தோடு அடகுக் கடைக்குப் போகும். கடைசியில் இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விடும். அன்றைக்கு "முடியாது" என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் மனவருத்தத்தோடு முடிந்திருக்கும்.

எப்படிச் சொல்வது? இப்படிச் சொல்லலாம்: "அக்கா, ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா கையெழுத்து மட்டும் என்னால போட முடியாது. வீட்டுல அரிசி இல்லேன்னா வாங்க, இருக்கிறதுல பாதி தாரேன்." இதில் மரியாதை இருக்கிறது, உறுதியும் இருக்கிறது, உறவை அறுக்காத உதவியும் இருக்கிறது.

இதில் மூன்று விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பத்துக் காரணம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிராளியிடம் ஒரு பதில் இருக்கும். இரண்டு, அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. "வீட்டுல பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லலாம். மூன்று, வாசிக்க முடியாத கடதாசியில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் வாசித்துச் சொல்ல ஒரு ஆசிரியரையோ படித்த பிள்ளையையோ கூப்பிடுங்கள். கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சம்பள நாளும் இப்படித்தான். "இன்னைக்கு ஒன்னே ஒன்னு மச்சான்" என்று கூட்டாளி கூப்பிடுவார். தன் பலவீனம் தெரிந்த ஆள் அன்றைக்கு வேறு பாதையால் வீட்டுக்குப் போவார். வீட்டுக்காரியின் கையில் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவார். இதைப் பார்த்து, "பொண்டாட்டிக்குப் பயந்தவன்" என்று சிரிப்பவர்கள் உண்டு. எந்தச் சறுக்கலில் தன் கால் வழுக்கும் என்று அறிந்து நடக்கிறவனுக்குப் பெயர் பயந்தவன் இல்லை.

எளியவர் முன்னால்

இதுதான் பெரிய பரீட்சை. காலையில் பிரட்டுக்களத்தில் ஏச்சு வாங்கும்போது ஒரு வார்த்தை பேசாத மனிதர், பின்னேரம் வீட்டுக்குள் வந்ததும் சிங்கமாகிவிடுகிறார். தேத்தண்ணீரில் சீனி குறைவு என்று கோப்பை பறக்கிறது. பிள்ளை பென்சிலைத் தொலைத்ததற்கு அடி விழுகிறது. அடி வாங்கிய அண்ணன் தம்பியை அடிக்கிறான். தம்பி போய் நாயை உதைக்கிறான்.

அவமானம் பீலித் தண்ணீர் மாதிரி மேலிருந்து கீழேதான் ஓடும். யாராவது ஒருவர் நடுவில் நின்று, "இது என்னோடு நிற்கட்டும்" என்று தடுக்க வேண்டும். அந்த ஒருவர்தான் அந்த வீட்டின் பலமான ஆள். அவர் அப்பாவாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், சில வீடுகளில் பெரிய பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

செய்வதற்கு ஒரு சின்ன வழி உண்டு. வேலை விட்டு வந்ததும் நேரே வீட்டுக்குள் போய்ப் பேசத் தொடங்காதீர்கள். பீலியில் முகம் கைகால் கழுவி, ஸ்தோப்பில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். உடம்பின் படபடப்பு இறங்கக் கொஞ்ச நேரம் வேண்டும். பிறகு உள்ளே போங்கள். வேலைத்தலத்துக் கோபத்தை வாசலுக்கு வெளியே இறக்கி வைக்கக் கற்றுக்கொண்ட வீடுகளில் பிள்ளைகளின் முகமே வேறு மாதிரி இருக்கிறது. நாங்கள் உள்ளே போகும்போதே அது தெரியும்.

அடி வாங்குகிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லி உங்களைப் பொறுக்க வைக்கிறார்கள். வறுமையைப் பொறுப்பது வேறு, நோயைப் பொறுப்பது வேறு, அடியைப் பொறுப்பது வேறு. அடியைப் பொறுத்துக்கொண்டே இருந்தால் பூமியும் கிடைக்காது, பல்லும் மிஞ்சாது. வீட்டு வன்முறைக்கு எதிராக நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்கும், பிள்ளைகள் சம்பந்தமாக 1929 என்ற இலக்கத்துக்கும் போன் எடுத்து உதவி கேட்கலாம். குடும்பத்து மானம் போய்விடும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு, வாய் திறந்து உதவி கேட்பதும் ஆளுமைதான்.

நம் மத்தியில் இருந்தவர்கள்

"இதெல்லாம் படிச்சவங்களுக்குச் சரி" என்று நினைக்க வேண்டாம். நம்முடைய மலையகத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

கோ. நடேசய்யர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் வெளியாட்கள் இலேசாக நுழைய முடியாது. துரைமார் அனுமதி வேண்டும். அவர் புடவை வியாபாரி வேஷம் போட்டு உள்ளே வந்து தொழிலாளர் நிலைமையைப் பார்த்தார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பத்திரிகை நடத்தினார், புத்தகம் எழுதினார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள், பெண்கள் கூட்டத்தில் வாய் திறப்பதே அதிசயமாக இருந்த காலத்தில் மேடை ஏறிப் பாட்டுப் பாடி, சனங்களுக்கு நியாயத்தை விளங்க வைத்தவர். இருவர் கையிலும் தடி இல்லை. பேனாவும் பாட்டும்தான் இருந்தன.

அதற்குப் பிறகும் நெடுங்காலம், ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளமும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளமும்தான் கொடுத்தார்கள். 1984இல் தொழிலாளர் ஒன்றாக நின்று வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் நாட்சம்பளம் இருவருக்கும் சமமானது. அந்த நேரத்தில் மலையில் கொழுந்து பறித்த அம்மாமார், ஆத்தாமார் பலர் இன்றும் நம் லயங்களில் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.

இன்னொருவரைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன். 1972இல் கண்டியில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர். பிறப்பிலேயே முரளிதரனின் முழங்கை முழுவதாக நிமிராது. 1995 டிசம்பர் 26ஆம் தேதி, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் மைதானத்தில், அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் ஒருவர் 7 தடவை 'நோ போல்' சொன்னார். ஆயிரமாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, உலகமே தொலைக்காட்சியில் பார்க்க, ஒரு மனிதனை "நீ செய்வது களவு" என்று சொல்வதற்குச் சமம் அது. 1999 ஜனவரியில் அடிலெய்டிலும் அதே நடந்தது.

அவர் நடுவரோடு சண்டைக்குப் போகவில்லை. கிரிக்கெட்டை விட்டுவிட்டு வீட்டிலும் உட்காரவில்லை. "என் கையைச் சோதித்துப் பாருங்கள்" என்று விஞ்ஞானிகளிடம் கையை நீட்டினார். ஒரு தடவை இல்லை, பல தடவை. 2004இல் முழங்கை மடங்காதபடி கட்டுப் போட்டுக்கொண்டு கமராவுக்கு முன்னால் பந்து வீசிக் காட்டினார். 2010 ஜூலை 22ஆம் தேதி காலியில், தன் கடைசி டெஸ்ட் போட்டியில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். மைதானத்தில் அவருடைய சிரித்த முகம்தான் நமக்கு நினைவிருக்கிறது. "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை" என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நேரத்தில் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவருக்குப் பக்கத்தில் நின்றார். எவ்வளவு பலமான ஆளுக்கும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். பலம் என்றால் தனியாக நிற்பது என்று அர்த்தம் இல்லை.

பிடிவாதம் ஆளுமை ஆகாது

"நான் புடிச்ச முயலுக்கு மூணு கால்" என்று நிற்பவரையும் சிலர் உறுதியான ஆள் என்பார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது இலேசு. பிழை என்று காட்டினால் பிடிவாதக்காரருக்குக் கோபம் வரும். ஆளுமை உள்ளவருக்கு யோசனை வரும். "நீ சொல்றது சரிதான், நான் மாத்திக்கிறேன்" என்று மகனிடமோ மருமகளிடமோ சொல்லக்கூடிய பெரியவர் தன் மரியாதையைக் கூட்டிக்கொள்கிறாரே தவிர, இழப்பதில்லை.

அதுபோலத்தான் மனம் சோர்ந்து போகும்போதும். "ஆம்பள அழக்கூடாது" என்று நெஞ்சுக்குள்ளேயே வைத்து, குடியில் கரைத்து, கடைசியில் மருந்துப் போத்தலைத் தேடுகிறவர்களின் வீடுகளுக்கு நாங்கள் போயிருக்கிறோம். அந்த வீடுகளில் பேசுவதற்கு எங்களுக்கும் வார்த்தை வருவதில்லை. மனம் தாங்கவில்லை என்றால் ஒருவரிடம் சொல்லுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்தில் மனநல உதவிச் சேவை இருக்கிறது.

பிள்ளைகளிடம் வளர்ப்பது எப்படி?

1. பேச விடுங்கள். "பெரியவங்க பேசுற இடத்துல ஒனக்கென்ன" என்று ஒவ்வொரு தடவையும் வாயை அடைத்தால், நாளைக்கு ஆபிசிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பிள்ளைக்கு வாய் வராது. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது "நீ என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள்.

2. சிறிய பொறுப்பைக் கொடுத்து நம்புங்கள். கோழியைப் பார்ப்பது, கடைக் கணக்கு எழுதுவது, தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு வருவது. பிழைத்தால் திருத்துங்கள், பறித்துக்கொள்ளாதீர்கள்.

3. உண்மை சொன்னால் அடிக்காதீர்கள். கண்ணாடி உடைந்ததை வந்து சொன்ன பிள்ளையை அடித்தால், அடுத்த தடவை அது பொய் சொல்லப் பழகும்.

4. பெண் பிள்ளைக்கும் "வேணாம்" என்று சொல்லப் பழக்குங்கள். தொடுவது பிடிக்காவிட்டால், அது மாமாவாக இருந்தாலும் சித்தப்பாவாக இருந்தாலும், "வேணாம்" என்று சொல்லவும், வந்து உங்களிடம் சொல்லவும் அதற்கு உரிமை உண்டு.

5. படிப்பை இடையில் நிறுத்தாதீர்கள். தரகர் வந்து, "கொழும்புல நல்ல வீடு, சாப்பாடு, துணிமணி எல்லாம் குடுப்பாங்க" என்பார். 2021இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 16. "நான் படிக்கணும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது எதிர்த்துப் பேசுவது இல்லை. அதுதான் அதனுடைய முதல் நிமிர்ந்த பேச்சு. அந்த நேரத்தில் நீங்கள் பிள்ளையின் பக்கம் நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆளுமை வளர்வதற்குப் பெரிய பெரிய சந்தர்ப்பம் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மாதம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கேட்க வேண்டிய ஒன்றை மேலே இருக்கிற ஒருவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அல்லது மறுக்க வேண்டிய ஒன்றைப் பழகின ஒருவரிடம் அன்பாக மறுத்துவிடுங்கள். அல்லது வீட்டில் ஒரு நாள் ஓங்கிய கையைக் கீழே இறக்கிவிடுங்கள். மூன்றில் உங்களுக்கு எது கஷ்டமோ, அதிலிருந்தே தொடங்குங்கள்.